பஸ் வரை வந்த வீடு

சொர்ணத்தம்மாளின் வீடு தெருவில் இறங்கியது ஆனி மாதத்து மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் ஐந்தே முக்கால் மணிக்கு. மணியில் சந்தேகம் வேண்டாம். கோயம்புத்தூர் பஸ் ஆறு மணிக்கு, அதற்குக் கால் மணி நேரம் முன்னால் அவள் மகள் முத்துவேணி பையைத் தோளில் மாட்டிக்கொண்டு படியிறங்குவாள், அவள் இறங்குவதைப் பார்த்துத்தான் நான் மில்லை நிறுத்துவேன். அன்றைக்கும் அவள் இறங்கினாள், நானும் சுவிட்சை அணைத்தேன், அவள் தெருவில் பத்தடி போயிருப்பாள், அவளுக்குப் பின்னால் வீடும் புறப்பட்டது.

என் பெயர் கனியம்மாள். தெருவின் மேல்கோடியில் இருக்கும் மாவு மில் என் வீட்டுக்காரர் செல்லையாவினுடையது என்று போர்டு சொல்லும், ஓட்டுவது நான். எங்கள் தெரு மேற்கிலிருந்து கிழக்கே பஸ் ஸ்டாண்டில் போய் முடிகிற நேர்கோடு, இந்தப் பக்கம் பதினான்கு வீடு, அந்தப் பக்கம் பதினான்கு வீடு. மேற்கே மேலே போக வழியில்லாமல் தெரு முட்டுகிற இடத்தில், முழுத் தெருவையும் பார்த்துக்கொண்டு நிற்பது சொர்ணம் மதினியின் ஓட்டு வீடு. தெருக்குத்து ஆகாது என்று யாரும் வாங்காமல் கிடந்த இடத்தை அவள் புருஷன் வாங்கி, சுவரில் ஒரு சின்னப் பிள்ளையாரைப் பதித்து வீடு கட்டி, ஏழே வருஷம் அதில் இருந்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். முன்வாசலில் நின்று பார்த்தால் பின்வாசல் வழியாக முருங்கை மரம் தெரியும், அவ்வளவு நேரான வீடு.

அந்த வீடு சத்தமில்லாமல் வந்தது. ஓடு ஒன்று சரியவில்லை, பிள்ளையாருக்கு வைத்திருந்த செம்பருத்தி விழவில்லை. முழங்கால் வலிக்காரி சுவரைப் பிடித்துக்கொண்டு நடக்கிற வேகத்தில் வந்து, என் மில்லையும் எதிரே இருக்கிற வீட்டையும் தாண்டி நின்றுகொண்டது. மதினி வாசல் நிலையைப் பிடித்தபடி மகள் போகிற திசையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவே வெளியே வந்து பார்த்தது. ஒருத்தரும் வேணியைக் கூப்பிடவில்லை. ஊருக்குப் புறப்பட்டுவிட்டவர்களைப் பின்னாலிருந்து கூப்பிடுகிற பழக்கம் எங்கள் ஊரில் கிடையாது, வீட்டில் தீப்பிடித்தால்கூட பஸ் ஏறிய பிறகு ஆள் விட்டுச் சொல்லுவோம். புறப்பட்டவர்களும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். ஆகவே நாங்கள் வாயைப் பொத்திக்கொண்டு நின்றோம், வேணி பஸ் ஏறிப் போனாள்.

திங்கட்கிழமை காலையில் எனக்கு வந்த கஷ்டத்தைக் கேளுங்கள். தெருவின் அகலம் பதினெட்டு அடி, வீட்டின் அகலம் பதினேழரை. பக்கத்தில் பூனை போகலாம், கம்பும் கேப்பையும் திரிக்க வருகிறவர்கள் போக முடியாது. எட்டு மணிக்குத் தகர டின்னைத் தூக்கிக்கொண்டு முதல் ஆள் வந்து வீட்டுக்கு முன்னால் முழித்துக்கொண்டு நின்றபோது, மதினி முன்கதவையும் பின்கதவையும் அகலத் திறந்துவைத்து, உள்ளே வந்து இப்படியே போங்கள், செருப்பைக் கழற்ற வேண்டாம், தெருதானே என்று சொல்லிவிட்டாள். அதற்குப் பிறகு பதினான்கு வாரம் என் மில்லுக்கு வந்த எல்லாத் தானியமும் அவள் வீட்டுக்குள் நுழைந்து, கட்டிலுக்கும் அடுப்புக்கும் நடுவே நடந்து, பின்வாசலில் இறங்கித்தான் வந்தது, மாவாகி அதே வழியில் திரும்பிப் போனது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேணி வந்து புறப்பட்டபோது வீடு இன்னொரு ஜோடி வீட்டைத் தாண்டியது, அதற்கடுத்த ஞாயிறு இன்னொன்று. வீடு கிழக்கே போகப் போக அதற்குப் பின்னால் அகப்பட்டுக்கொள்கிற குடும்பங்கள் கூடிக்கொண்டே போயின, பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகளும் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகிற பெண்களும் ஸ்கூட்டரை அணைத்துத் தள்ளுகிற ஆண்களும் காலை ஏழரையிலிருந்து ஒன்பதுவரை அவள் வீட்டுக்குள் வரிசையாகப் போனார்கள். சத்துணவுக்கூடத்தில் முப்பது வருஷம் வேலை பார்த்தவள் கண்ணெதிரே பிள்ளைகள் வெறுங்கையோடு வரிசையில் போவதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருப்பாளா? இரண்டாவது வாரமே பெரிய பானையை இறக்கிவிட்டாள். பின்வாசலில் நுழைகிற பிள்ளை முன்வாசலில் இறங்கும்போது கையில் ஒரு அவித்த முட்டையோ சுண்டலோ இருக்கும். தெருவில் எல்லோருமாக அரிசியும் முட்டையும் கொண்டுவந்து போட்டோம், யார் என்ன போட்டார்கள் என்று யாரும் கேட்கவில்லை.

மனிதர்கள் எதற்கும் பழகிவிடுவார்கள், எங்கள் தெருக்காரர்கள் கொஞ்சம் சீக்கிரமாகவே பழகுவார்கள். லைன்மேன் பால்துரை ஒவ்வொரு திங்கட்கிழமையும் ஏணியோடு வந்து மின்சார வயரை அடுத்த கம்பத்துக்கு மாற்றிக் கட்டினான். தபால்காரர் விலாசத்தை விட்டுவிட்டுப் பிள்ளையாரைப் பார்த்துக் கடிதம் கொடுத்தார். ஸ்கூட்டர் ஏற ஒரு பலகை போட்டோம். வீடு எந்த வாரம் யார் வீட்டுக்கு முன்னால் நிற்கும் என்பது முன்கூட்டியே தெரிந்ததால், அந்தந்த வாரம் அந்தந்த வீட்டுக்காரர்கள் அவளுக்குக் குழம்பு கொடுத்துவிடுவது என்றும் ஏற்பாடானது, அதில் எந்த வீட்டுக் குழம்பு நன்றாயிருந்தது என்று அவள் கடைசிவரை சொல்லவில்லை. முருங்கை மரம் மட்டும் பழைய இடத்திலேயே நின்றுவிட்டது. வீடு இருந்த இடம் பெருக்கித் தெளித்த மாதிரி சுத்தமாகக் கிடந்ததால் அதில் நான் வற்றல் மிளகாய் காயப்போட்டேன். சும்மா கிடக்கிற இடம், வெயிலும் நல்ல வெயில், நான் செய்ததில் தப்பில்லை.

காரணத்தைப் பற்றி நாங்கள் அதிகம் மெனக்கெடவில்லை. வீடு முதல்முதலில் புறப்பட்ட அந்த வாரம் தெருவில் வேறு எதுவும் நடந்திருக்கவில்லை. வியாழக்கிழமை மோட்டார் பைக்கில் வெள்ளைச் சட்டைக்காரர் ஒருத்தர் காகிதத்தோடு வந்து மதினியிடம் ஏதோ விசாரித்து மோர் குடித்தார், அக்கம்பக்கத்துச் சாட்சி வேண்டும் என்று என்னிடமும் எதிர்வீட்டு அந்தோணி டெய்லரிடமும் கையெழுத்து வாங்கினார், மில் ஓடிக்கொண்டிருந்ததால் நான் வாசிக்காமல் மாவுக் கையோடு போட்டுக் கொடுத்தேன், ரேஷன் கார்டு சமாச்சாரமாக இருக்கும் என்று நினைத்தேன். அவ்வளவுதான். வீடு நடப்பதற்கு எங்களுக்குத் தெரிந்த ஒரே காரணம் தாய்ப்பாசம். ஒற்றைப் பிள்ளையைப் பெற்றவள், அவளை விட மனமில்லை, வீட்டோடு பின்னால் போகிறாள் என்று தீர்மானித்து, அதைப் பற்றிப் பேசும்போது தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டோம்.

வேணி முதலில் நம்பவில்லை. சனிக்கிழமை காலையில் வந்து இறங்கியவள், வீடு ஒரு வீடு முன்னாலேயே வந்துவிட்டதைப் பார்த்துத் தெருவில் நின்றாள். நாங்கள் வானத்தைப் பார்த்தோம். மதினி உள்ளேயிருந்து காப்பி ஆறுகிறது என்றாள், மகள் உள்ளே போய்விட்டாள். பத்து மணிக்கு மில்லுக்கு வந்து என்ன அத்தை இது என்று கேட்டபோதுதான் நான் விவரமாகச் சொன்னேன். அவள் முகம் சுருங்கிப்போனது. பெருமைப்படுவாள் என்று நினைத்திருந்த எனக்கு அது விளங்கவில்லை.

கோயம்புத்தூரில் ஒரு ஆஸ்பத்திரியில் அவளுக்குப் பிசியோதெரபி வேலை, ஊர்க்காரர்களின் முழங்காலை எல்லாம் மடக்கி நீட்டி நடக்கவைக்கிறவள். பெற்ற தாயின் முழங்கால் மட்டும் அவளுக்கு வசப்படவில்லை. ஒவ்வொரு சனிக்கிழமையும் மதினியை உட்காரவைத்துக் கணுக்காலில் அரைக் கிலோ அரிசிப் பையைக் கட்டி, காலைத் தூக்கு, பத்து எண்ணு, இறக்கு என்பாள். மதினி நான்கு எண்ணுவதற்குள் அடுப்பில் ஏதோ கருகுகிறது என்பாள். மகள் பஸ் ஏறியதும் அந்த அரிசியை அவிழ்த்து உலையில் போட்டுவிடுவாள், திங்கட்கிழமைச் சோறு அதுதான். அறுவைச் சிகிச்சை என்ற பேச்சை எடுத்தால் காது கேட்காத மாதிரி இருந்துவிடுவாள்.

அந்த முழங்கால் இப்படி ஆவதற்கு முன்னால் அவள் எப்படி இருந்தாள் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் யார் வெளியூர் போனாலும் சொர்ணம் மதினிதான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்வரை போவாள். கல்யாணமாகிப் போகிற பெண்ணோ, மாற்றலாகிப் போகிற வாத்தியாரோ, மூன்று நாள் தங்கிவிட்டுப் போகிற யாருடைய மாமியாரோ, அவளுக்கு எல்லோரும் ஒன்றுதான். ஆளை ஏற்றி உட்காரவைத்து, பிறகுதான் பையை ஜன்னல் வழியாகக் கொடுப்பாள், பஸ் வளைவு திரும்புகிறவரை நின்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவாள். இரண்டு வருஷமாக அவள் வாசற்படியோடு நின்றுவிட வேண்டியிருந்தது, சொந்த மகள் பையைத் தானே சுமந்துகொண்டு தனியாகப் போவதை வாசலில் நின்று பார்க்க வேண்டியிருந்தது. அது அவளுக்கு எவ்வளவு பெரிய மானக்கேடு என்று எங்களில் யாரும் யோசிக்கவில்லை. நான் பக்கத்து வீட்டுக்காரி, நானும் யோசிக்கவில்லை.

வேணி பல வழிகளில் முயற்சி செய்து பார்த்தாள். ஒரு ஞாயிறு மதினி மத்தியானம் கண்ணயர்ந்திருக்கும்போது மூன்று மணிக்கே அடிமேல் அடிவைத்துப் புறப்பட்டாள், வீடு மூன்று மணிக்கே புறப்பட்டது. இன்னொரு ஞாயிறு பின்வாசல் வழியாக இறங்கினாள், ஆனால் பின்வாசலில் இறங்கியவள் பஸ் ஸ்டாண்டு போக அதே வீட்டுக்குள் நுழைந்து முன்வாசலில்தான் வர வேண்டியிருந்தது, எங்களுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. திரும்பிப் பார்த்தால் நின்றுவிடுமா என்று என்னிடம் கேட்டாள். நிற்கலாம், ஆனால் வேலைக்குப் போகிறவள் திரும்பிப் பார்க்காதே என்றேன். அவளும் பார்க்கவில்லை.

ஏழாவது வாரம், ஆடி மாதக் காற்றில் மாவு எல்லாம் பறந்துகொண்டிருந்த ஒரு சனிக்கிழமை, அவள் மில்லுக்கு வந்து மூட்டை மேல் உட்கார்ந்து அழுதாள். மஸ்கட்டில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் அவளுக்கு வேலை கிடைத்திருக்கிறது, இரண்டு வருஷத்துக்கு ஊர்ப்பக்கம் வர முடியாது, புரட்டாசி நடுவில் போய்ச் சேர வேண்டும். எட்டு வருஷமாக அவள் ஆசைப்பட்ட வேலை. ஒவ்வொரு வாரமும் அம்மாவிடம் சொல்லத்தான் வருகிறாள், வீடு இருக்கிற இடத்தைப் பார்த்ததும் வாய் அடைத்துப்போகிறது.

"வாரத்துக்கு ஒரு நாள் வந்துட்டுப் போறதுக்கே இப்படிப் பின்னால வருது அத்தை. ரெண்டு வருசம் வரமாட்டேன்னு எந்த வாயால சொல்லுவேன்?"

சொல்லாமல் இருப்பது அதைவிட மோசம் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எனக்கும் பயமாக இருந்தது. மஸ்கட் என்றால் நடுவில் கடல் இருக்கிறது. அவள் என் கையைப் பிடித்து, அம்மாவிடம் மூச்சு விடக்கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டாள். ஊரில் என்னைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டால் சிரிப்பார்கள், ஆனாலும் சொல்லுகிறேன், என் வாழ்நாளில் நான் காப்பாற்றிய ஒரே ரகசியம் அதுதான். செல்லையாவிடம்கூடச் சொல்லவில்லை. தினமும் நான்கு தடவை மதினியின் வீட்டுக்குள் நுழைந்து மறுபக்கம் இறங்குகிறவள் நான், ஒவ்வொரு தடவையும் உதட்டைக் கடித்துக்கொண்டு போய்வந்தேன்.

ஒன்பதாவது வாரம் எங்கள் தெருவில் ஒரு சாவு. ஓட்டல் மாடசாமி அண்ணாச்சி, வீட்டுக்குப் பின்னால் அகப்பட்டிருந்த பகுதியில் இருந்தவர். சுடுகாடு பஸ் ஸ்டாண்டைத் தாண்டி. பாடையைக் கட்டி வைத்துக்கொண்டு ஆண்கள் எல்லோரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் வீட்டுப் பிணத்தை இன்னொருத்தர் வீட்டுக்குள் கொண்டுபோவது எங்கள் பக்கம் கேள்விப்படாத காரியம், அதைக் கேட்கவே யாருக்கும் வாய் வரவில்லை. மதினி பின்வாசலுக்கு வந்தாள். கட்டிலை ஓரத்துக்கு இழுத்துப் போட்டிருந்தாள், அடுப்பை அணைத்திருந்தாள்.

"எதுக்கு நிக்கிய? அவர் நடந்து போன தெருவுலதான கொண்டு போறிய. என் வீடு இப்ப தெருதான். வாங்க, தலை நிலையில இடிச்சிராம குனிஞ்சு வாங்க."

பாடை அவள் வீட்டுக்குள் போய் வெளியே வந்தது. கூடத்தில் ஒரு நிமிஷம் தோள் மாற்றுவதற்காக நின்றபோது அவள் ஒரு கைப்பிடி பூவை அவர் காலடியில் போட்டு, போயிட்டு வாங்கண்ணே என்றாள். இறந்தவரிடம் அப்படிச் சொல்லக்கூடாதுதான். ஒருத்தரும் அதைக் குற்றமாக எடுத்துக்கொள்ளவில்லை. வழியனுப்புவது என்றால் அவளுக்கு எப்படிப்பட்ட காரியம் என்று அன்றைக்காவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். நான் அழுதுகொண்டிருந்ததில் விட்டுவிட்டேன்.

பன்னிரண்டாவது வாரம் பேரூராட்சியிலிருந்து நோட்டீஸ் வந்தது. செயல் அலுவலர் நல்ல மனிதர், நேரில் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மதினி கொடுத்த முட்டையையும் தின்றுவிட்டு, வருத்தத்தோடுதான் சொன்னார். வீடு தெருவுக்குள் இருக்கிறவரை அது தெருக்காரர்கள் பாடு, பஸ் ஸ்டாண்டுக்குள் காலை வைத்தால் அது அரசாங்க இடம், பஸ்கள் திரும்ப வேண்டும். அங்கே ஒரு இரவு தங்கினாலும் மறுநாள் காலையில் இயந்திரத்தைக் கொண்டுவந்து இடிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. மதினி தலையை ஆட்டினாள். அது நியாயம்தான் என்றாள். அவர் போன பிறகு நாங்கள் விரல்விட்டு எண்ணிப் பார்த்தோம். இன்னும் இரண்டு ஞாயிற்றுக்கிழமைதான் இருந்தது.

பதினான்காவது வாரம் வேணி வந்தபோது தெருவில் இருபத்தாறு வீடுகள் அம்மா வீட்டுக்குப் பின்னால் இருந்தன. முன்னால் ஒரே ஒரு ஜோடி, அதற்கப்புறம் பஸ் ஸ்டாண்டின் சிமெண்டுத் தரை. கோயம்புத்தூர் போய், புதன்கிழமை கொச்சியில் விமானம் ஏற வேண்டும். சனிக்கிழமையும் அவள் அம்மாவிடம் அதைச் சொல்லவில்லை. ஞாயிறு மத்தியானம் மில்லுக்கு வந்து, நான் போகவில்லை அத்தை, நாளைக்கு மஸ்கட்டுக்குப் போன் பண்ணி வேண்டாம் என்று சொல்லிவிடுகிறேன் என்றாள். கோயம்புத்தூர் வேலையையும் அவள் முந்தின வாரமே விட்டிருந்தாள். இனி ஞாயிற்றுக்கிழமை யாரும் எங்கும் புறப்படாவிட்டால் வீடும் அந்த இடத்திலேயே நின்றுவிடும், யாரும் இடிக்கமாட்டார்கள். கணக்கு சரியாகத்தான் இருந்தது. எட்டு வருஷ ஆசையை ஒரு மூட்டை மேல் உட்கார்ந்து இரண்டு நிமிஷத்தில் முடித்துவிட்டாளே என்று எனக்குத் தாங்கவில்லை, நானும் அவளோடு போனேன்.

ஐந்தரை மணி. மதினி கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். வேணி தரையில் உட்கார்ந்து, அம்மாவின் முழங்காலில் கையை வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். மஸ்கட், இரண்டு வருஷம், சொல்ல வந்து சொல்லாமல் போனது, இப்போது வேண்டாம் என்று முடிவெடுத்தது, இன்றைக்கு பஸ் ஏறப்போவதில்லை என்பது எல்லாம். சொல்லி முடித்துவிட்டு அழுதாள். மதினி அவள் அழுது ஓய்கிறவரை தலையைத் தடவிக்கொண்டிருந்தாள். பிறகு குனிந்து கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தாள். காக்கித் துணியில் இரட்டைத் தையல் போட்டு, வாரும் வைத்து, மேலே முத்துவேணி, மஸ்கட் என்று சிவப்பு நூலில் தைத்திருந்தது. உள்ளே முருங்கைக்கீரைப் பொடி, பருப்புப் பொடி, சுண்டைக்காய் வற்றல், எல்லாம் காற்றுப் போகாமல் கட்டி அடுக்கியிருந்தாள்.

"ஆனி மாசமே தெரியும் எனக்கு. மஸ்கட்டுன்னு நீ போன்ல பேசுனது காதுல விழுந்துச்சு, பாஸ்போர்ட்டு விசாரணைக்குப் போலீஸ்காரரும் வந்தாருல்லா. இந்தப் பிள்ளை இங்கதான் இருக்காளா, நல்ல பிள்ளையான்னு கேட்டாரு. நல்ல பிள்ளைதான், எழுதிக்கிடுங்கன்னேன். இந்தா நிக்காளே உங்க அத்தை, அவதான் சாட்சிக் கையெழுத்துப் போட்டா."

எனக்கு எங்கே போய் முகத்தை வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. ஏழு வாரம் உதட்டைக் கடித்துக் காத்த ரகசியத்தில் என் மாவுக் கை ரேகையே இருந்திருக்கிறது. பையைத் தைத்த அந்தோணி டெய்லருக்கும் எல்லாம் தெரிந்திருக்கிறது, அந்த மனிதர் தினமும் என்னைப் பார்த்து என்ன மாதிரி புன்னகைத்தார் என்று அப்போதுதான் விளங்கியது.

அப்படியென்றால் வீடு ஏன் பின்னால் வந்தது என்று வேணி கேட்டாள். என்னை விட மனசில்லாமல்தானே அம்மா என்றாள்.

மதினிக்குக் கோபம் வந்துவிட்டது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்தது குறைவு.

"உன்னைப் பிடிச்சு வைக்கவா நான் இவ்வளவு தூரம் வந்தேன்? ஊர்ப் பிள்ளைய எல்லாம் பஸ் ஏத்திவிட்டவ, எம் பிள்ளை கடல் தாண்டிப் போகும்போது வாசல்ல நின்னு கையைக் காட்டவா? உன்னைய ஏத்திவிட வந்தேன்டி. இந்தக் காலை வச்சுக்கிட்டு அதுக்குப் பதினாலு வாரம் ஆயிருக்கு."

இயந்திரம் வருமே அம்மா, இடித்துவிடுவார்களே என்று வேணி மெதுவாகக் கேட்டாள். ஏத்திவிட வந்தவள் ஏத்திவிட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் அங்கேயே குடியிருப்பாளா என்று மதினி கேட்டாள், எழுந்திரு, முகத்தைக் கழுவு, பஸ்ஸுக்கு நேரமாகிறது என்றாள்.

ஐந்தே முக்காலுக்கு வேணி படியிறங்கினாள். கையில் அவளுடைய பழைய பை மட்டும். காக்கிப் பையை மதினி கொடுக்கவில்லை, அது ஏறின பிறகு கொடுக்க வேண்டியது. தெரு முழுக்க வெளியே நின்றது, பின்னால் அகப்பட்டிருந்தவர்கள் எல்லோரும் வீட்டுக்குள் ஏறிக்கொண்டார்கள், கூடத்தில் இருபது பேர், அடுக்களையில் பத்துப் பேர், பின்வாசல் படியில் பிள்ளைகள். அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள், வீடு எங்கள் எல்லோரையும் சுமந்துகொண்டு அவளுக்குப் பின்னால் நடந்து, கடைசி ஜோடி வீட்டையும் தாண்டி, தெரு முனையில் வெளியே வந்து, சிமெண்டுத் தரையில் இறங்கிக் கோயம்புத்தூர் பஸ்ஸை ஒட்டி நின்றது. டிரைவர் ஒரு தடவை எட்டிப் பார்த்துவிட்டு, பக்கக் கண்ணாடி இடிக்காமல் உள்ளே மடக்கிவைத்துக்கொண்டார்.

வேணி ஏறி இடது பக்கம் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அவளுடைய ஜன்னலும் அடுக்களை ஜன்னலும் நேருக்கு நேராக இருந்தன, நடுவில் ஒரு முழம் கூட இல்லை. மதினி அடுக்களைக்குப் போய், எங்களை விலக்கி, தன் வீட்டு ஜன்னல் வழியாகக் காக்கிப் பையை நீட்டினாள். வேணி பஸ் ஜன்னல் வழியாக அதை வாங்கிக்கொண்டாள். பையோடு அம்மாவின் கையையும் பிடித்துக்கொண்டாள். டிரைவர் ஹாரன் அடிக்கவில்லை. ஆறு மணிப் பஸ் அன்றைக்கு ஆறு எட்டுக்குத்தான் கிளம்பியது, எங்கள் ஊர் பஸ் ஸ்டாண்டில் அதற்கு யாரும் கோபித்துக்கொள்ளவில்லை.

போயிட்டு வா என்று மதினி சொன்னாள். போயிட்டு வாரேன் என்று வேணி சொன்னாள். பஸ் போய் வளைவில் திரும்புகிறவரை மதினி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், அழவில்லை, நாங்கள்தான் அழுதோம். பஸ் மறைந்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு, சரி போவோம் என்றாள். வீடு போக ஆரம்பித்தது. பதினான்கு வாரம் வந்த தூரத்தை, வேலை முடிந்து திரும்புகிறவர்கள் நடக்கிற சுறுசுறுப்பில் அது பின்வாங்கிப் போனது, அப்போதுதான் எனக்கு என் மிளகாய் நினைவு வந்தது.

நானும் செல்லையாவும் பின்வாசலில் குதித்து ஓடின ஓட்டத்தைத் தெரு இன்னும் மறக்கவில்லை. சாக்கில் பாதியை அள்ளுவதற்குள் வீடு வந்துவிட்டது. இருக்கட்டும் மதினி, பரவாயில்லை என்று நான் கும்பிட்டு விலகினேன். மீதி மிளகாய் இன்றைக்கும் அந்த வீட்டுக்கடியில்தான் இருக்கிறது.

மறுநாள் காலையில் தெரு ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை திறந்து கிடந்தது. பிள்ளைகள் பையை மாட்டிக்கொண்டு வெளியே வந்து, நேரே கிழக்கே போகிற தெருவைப் பார்த்தார்கள், பிறகு மேற்கே திரும்பி நடந்து, மதினி வீட்டு முன்வாசலில் நுழைந்து, பின்வாசலில் முருங்கை மரத்தடியில் இறங்கி, சுவரைச் சுற்றிக்கொண்டு கையில் முட்டையோடு பள்ளிக்கூடம் போனார்கள். அது இன்றுவரை நடக்கிறது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தே முக்காலுக்கு நான் பழக்கத்தில் மில்லை நிறுத்தினேன். படியிறங்க ஆளில்லாத வாசலைப் பார்க்க வேண்டாம் என்று குனிந்து மாவைக் கூட்டிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டு நிமிர்ந்தால், மதினி தெருவில் இருந்தாள். வீடு அதன் இடத்தில் நின்றது, அவள் மட்டும் சுவரைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு அடிக்கும் நின்று மூச்சுவிட்டு, வியர்வை வழிய என் மில் வாசல்வரை வந்து கம்பு மூட்டை மேல் உட்கார்ந்தாள். இரண்டு கணுக்காலிலும் அரிசிப் பை கட்டியிருந்தது. அவிழ்க்கட்டுமா என்று கேட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

"ரெண்டு வருசம் இருக்குல்லா. அவ வந்து இறங்கும்போது பஸ் வாசல்ல நின்னு பையை வாங்கணும். அதுக்கு வீட்டைத் தூக்கிக்கிட்டா போக முடியும்?"

கொஞ்சம் தண்ணீர் குடித்தாள். தெருவைக் கிழக்கே பார்த்து, அடுத்த வாரம் ரெண்டாவது வீடு என்றாள்.